கலைக் கண்காட்சியும் நுழைவுச் சீட்டும்

கலைப்பொருள்களைக் காண விழைந்து செல்லும் மாணவர்க்கு இந்நாளில் முதற்கண் எதிர்ப்படுவது நுழைவுச் சீட்டேயாகும். பெருநகரங்களில் நிகழும் புகழ்பெற்ற ஓவியக் கண்காட்சிகளுக்கும் சிற்பக் கண்காட்சிகளுக்கும் இன்ன நாள், இன்ன மணி என்று குறித்த சீட்டின்றி உட்புகுதல் அரிதாயிற்று. அச்சீட்டுகளும் விற்பனை தொடங்கிய சின்னாட்களிலேயே தீர்ந்துபோதல் உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் நம் மாணவருட் பலர், இவையெல்லாம் நகரின் நடுவே வாழும் செல்வர்க்கு உரியன, நமக்கு எட்டா என்று எண்ணி ஒதுங்குகின்றனர். அவ்வெண்ணத்தில் ஒரு பகுதி உண்மை; மற்றொரு பகுதி அறியாமையால் விளைந்தது. ஆதலின், நுழைவுச் சீட்டு எதன்பொருட்டு ஏற்பட்டது, அஃது எவ்வாறு பங்கிடப்பெறுகின்றது, அதனைப் பெறும் வழி யாது, பெறாதார்க்கு உள்ள வழி யாது என்னும் நான்கினையும் முறையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

நம் சென்னை மாநகரில் பொருட்காட்சிச்சாலை தோன்றியது 1851-ஆம் ஆண்டில். முதலில் அது நுங்கம்பாக்கத்திலிருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் இருந்தது; பின்னர் 1854-இல் எழும்பூரில் பாந்தியன் என்று பெயர்பெற்ற மாளிகைக்கு மாற்றப்பட்டது. அதன் முதற் பொறுப்பாளராயிருந்த எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர், மக்களை ஆங்கு வரச்செய்தற்கு ஒரு புதுமையான வழி கண்டார். கல்லும் மண்ணும் எலும்பும் காண வாராத மக்கள் உயிருள்ள விலங்கினைக் காண வருவர் என்று கருதி, 1855-இல் வேங்கை முதலிய விலங்குகளை அவ்வளாகத்திலே வைத்தார். கூட்டம் பெருகிற்று. அவ்விலங்குகள் 1863-இல் பீபிள்ஸ் பார்க்கு என்னும் பூங்காவிற்கு மாற்றப்பெற்றன. அதுமுதற் சென்னை மக்கள் எழும்பூர்ச் சாலையைச் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குகள் வாழ்ந்த சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் வழங்கலாயினர். இப்பெயரைக் கேட்டு நகைப்பார் நகைக்கலாம். ஆயினும், கல்வியறிவு பெறாத மக்களும் பொருட்காட்சிச்சாலையை ஒரு கல்லூரி என்றே கருதினர் என்பதை அப்பெயர் புலப்படுத்துகின்றதன்றோ?

அந்நாளில் அக்கல்லூரிக்குச் சம்பளமும் இல்லை, சீட்டும் இல்லை. கட்டணமின்றிக் கதவு திறந்திருந்தது. காணும் பொங்கலன்று நாட்டுப்புறத்திலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்து குழுமிய மக்களின் தொகை, ஏனை நாட்களின் தொகையைப் பன்மடங்கு விஞ்சியிருந்தது. ஆண்டொன்றுக்கு இலட்சக்கணக்கானோர் வந்து சென்றனர். அங்ஙனமாயின், பின்னாளிற் சீட்டு ஏன் வேண்டப்பட்டது என்ற வினா எழுகின்றது.

நிலையான காட்சிக்கும் தற்காலிகக் கண்காட்சிக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தால் இதற்கு விடை கிடைக்கும். நிலையான காட்சியிலுள்ள பொருள் இன்றும் உண்டு, நாளையும் உண்டு. ஆகலின் மக்கள் ஆண்டு முழுவதும் பரவி வருவர். தற்காலிகக் கண்காட்சியோ, பல நாடுகளிலிருந்தும் பல சாலைகளிலிருந்தும் இரவலாகப் பெற்ற பொருள்களைச் சில மாதங்களுக்கு மட்டும் ஓரிடத்தில் ஒருங்கு வைப்பது. அக்காலம் கழிந்தால் அவை தத்தம் இடத்திற்கு மீளும். மீண்டும் ஒருங்கு கூடுதல் ஒருவர் வாழ்நாளில் நிகழாமலும் போகலாம். ஆதலின் ஆண்டு முழுவதும் பரவி வரவேண்டிய கூட்டம் சில வாரங்களுக்குள் நெருக்கி வருகின்றது.

இந்நெருக்கத்தின் அளவினை உலகறியச் செய்தது, 1972-ஆம் ஆண்டில் இலண்டன் பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலையில் நடந்த துட்டன்காமன் கண்காட்சியாகும். எகிப்து மன்னனின் புதைகுழிப் பொருள்களைக் காண ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் 16 இலட்சத்து 90 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் வந்தனர். தெருவைச் சுற்றி வளைந்த வரிசையில் மக்கள் பல மணி நேரம் காத்துநின்றனர். அக்காட்சியின் ஊதியம் நைல் நதியிலுள்ள பீலே கோயில்களை நீரினின்று காக்கும் பணிக்குச் சென்றது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. காலம் குறித்த சீட்டு என்பது இத்தகைய நெடிய வரிசைக்கு மாற்றாக வளர்ந்த முறையேயாம். தெருவில் உடம்பால் நிற்பதை விடுத்து, நாட்குறிப்பில் பெயரால் நிற்கிறோம்.

சீட்டின் தொகை எவ்வாறு முடிவுசெய்யப்பெறுகின்றது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்குவோம். ஒரு கூடத்தில் ஒரே வேளையில் 100 பேர் நின்று இடையூறின்றிக் காணலாம் என்று கொள்க. ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் தங்குவர் எனின், நாளொன்றுக்கு 8 மணி நேரத்தில் 800 பேர் காணலாம். கண்காட்சி 60 நாட்கள் நடக்குமாயின் மொத்தம் 48,000 பேர். இதற்குமேல் ஒருவரைச் சேர்க்கவேண்டின், கூடத்தைப் பெரிதாக்கவேண்டும், அல்லது நாளை நீட்டவேண்டும், அல்லது உள்ளே நிற்போரின் காட்சியைக் கெடுக்கவேண்டும். சென்னையைப் போன்று பல இலட்சம் மக்கள் வாழும் நகரில் 48,000 என்பது மிகச் சிறிய தொகை. சீட்டு விரைவில் தீர்ந்துபோவதற்கு எவருடைய வஞ்சனையும் வேண்டுவதில்லை, இக்கணக்கே போதும்.

நெருக்கத்தால் காண்போர்க்கு மட்டுமன்றிக் காணப்படும் பொருளுக்கும் தீங்குண்டு. மாந்தர் மூச்சாலும் உடல் வெப்பத்தாலும் கூடத்தின் ஈரம் மாறும். ஈரம் ஏறியிறங்கினால் மரப்பலகையில் தீட்டிய ஓவியம் விரிந்தும் சுருங்கியும் வெடிக்கும். காகிதத்திலும் துணியிலும் அமைந்த ஓவியங்கள் ஒளியால் நிறம் மங்குவன. ஆதலின் அவற்றிற்கு 50 லக்ஸ் அளவினதாகிய மங்கலான ஒளியே தருதல் உலக வழக்கு. ‘விளக்கு ஏன் இத்துணை மங்கலாயிருக்கின்றது’ என்று குறைகூறும் மாணவர் இதனை அறிதல் நன்று. அவ்வொளியிற் கண் பழகுதற்குச் சிறிது நேரமும், பொருளை அணுகி நிற்பதற்குச் சிறிது இடமும் வேண்டும். இலண்டன் நேஷனல் காலரி 2011-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய லியோனார்டோ டா வின்சி கண்காட்சிக்கு, அரை மணிக்கு 180 பேர் என்று வரையறுத்துத் தன் கூடங்கள் கொள்ளக்கூடியதினும் குறைவாகவே சீட்டு வழங்கிற்று. காண வந்தவர் உண்மையாகவே காணவேண்டும் என்பதே அதன் கருத்து.

இதனால் நாம் அறிவது யாது? நுழைவுச் சீட்டினைக் கலையின் விலை என்று கொள்ளுதல் பொருந்தாது. அஃது ஓரிடத்திலும் ஒரு நேரத்திலும் ஒருவர்க்குக் கிடைக்கும் பங்கின் அடையாளம். பங்கு என்று கொண்டால், அது நேர்மையாகப் பகிரப்படுகின்றதா என்று வினவும் உரிமையும் நமக்கு வந்துவிடுகின்றது.

பந்திக்கு முந்து என்பது பழமொழி. ஆனால், எல்லாரும் முந்தக் கூடிய நிலையில் இருக்கின்றனரா? இக்காலத்துச் சீட்டுகள் பெரும்பாலும் இணையத்தின் வழியே விற்கப்பெறுகின்றன. விற்பனை தொடங்கும் முற்பகல் நேரத்தில் மேசையருகே கணினி உடையார் ஒரு நொடியில் சீட்டுப் பெறுவர். அந்நேரத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பொறியருகே நிற்பார்க்குச் செல்பேசியைத் தொடுதற்கும் ஓய்விராது. வங்கி அட்டை இல்லாதாரும், வீட்டில் ஒரே செல்பேசியை ஐவர் பகிர்வாரும் பின்னடைவர். இதற்கிடையே, சீட்டுகளை வாங்கிப் பதுக்கிப் பன்மடங்கு விலைக்கு மறுவிற்பனை செய்வாரும் தோன்றினர். மேற்கூறிய லியோனார்டோ கண்காட்சியின் முன்பதிவுச் சீட்டுகள் தீர்ந்தபோது இது பெருமளவில் நிகழ்ந்தது. அங்ஙனம் விற்ற சீட்டுகள் செல்லா என்று அச்சாலையார் அறிவிக்க நேர்ந்தது.

எனினும், நேர்மையான பங்கீட்டிற்கு வழிகள் இல்லாமலில்லை. அதே கண்காட்சியில் நாள்தோறும் 500 சீட்டுகள், அன்று காலையில் வாயிலுக்கு நேரில் வருவோர்க்கென்றே ஒதுக்கப்பெற்றன. பணத்தாலோ கணினியாலோ முந்த இயலாதவர் காலால் முந்தலாம் என்பது அதன் பயன். பாரிஸ் லூவர் பொருட்காட்சிச்சாலை 2019-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி வரை நடத்திய லியோனார்டோ கண்காட்சியைப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கண்டனர். அதன் முடிவில் மூன்று இரவுகள் விடியுமளவும் கதவு திறந்து, முன்பதிவு செய்தாரைக் கட்டணமின்றி உள்ளே விட்டனர். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் பொருட்காட்சிச்சாலையில் 2023-இல் வெர்மீர் என்னும் ஓவியரின் படங்கள், அறியப்பட்ட சுமார் 37-இல் 28, ஒருங்கு வைக்கப்பெற்றன. தொடங்கிய சில நாட்களிலேயே சீட்டுகள் தீர்ந்தமையால் காட்சி நேரத்தை நீட்டினர். ஆறரை இலட்சம் பேர் கண்டனர். திராட்சத் தோட்டத்துக்கு மாலையில் வந்தவனுக்கும் ஒரு பணம் கொடுத்த எசமானின் உவமை நம் கல்லூரியார்க்குப் புதிதன்று. பொதுச் சாலைகளை நடத்துவோர் பிந்தி வருவார்க்கும் ஒரு பங்கு வைத்தல் அவ்வுவமையின் நெறியேயாகும்.

இனி, நம் மாணவர் கைக்கொள்ளவேண்டிய முறைகளைக் கூறுவோம்.

முதலாவது, கண்காட்சி தொடங்கும் நாளையும் சீட்டு விற்பனை தொடங்கும் நாளையும் வேறு வேறாகக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பலர் முன்னதை மட்டும் அறிந்து பின்னதைத் தவறவிடுகின்றனர். இரண்டாவது, சீட்டினை நடத்துவோரிடமோ அவர் அறிவித்த விற்பனையிடத்திலோ மட்டுமே வாங்குதல் வேண்டும். இடைத்தரகர் தரும் சீட்டு வாயிலிற் செல்லாதுபோகலாம். மூன்றாவது, விடுமுறைநாளின் பிற்பகலை விடுத்து வேலைநாளின் முதற் பொழுதைத் தேர்தல் நன்று. கூட்டமும் குறைவு, கண்ணும் தெளிவு. நான்காவது, மாணவர்க்குரிய குறைந்த கட்டணம் உண்டா என்று விசாரித்து, அடையாளச் சீட்டினை உடன் கொண்டுசெல்லல் வேண்டும். குழுவாகச் செல்வோர் ஆசிரியர் ஒருவரைத் தலைவராகக் கொண்டு, கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதிக் கேட்பின், பல சாலையார் குழுவிற்கெனத் தனி நேரம் ஒதுக்கித் தருவர். தனியொருவர்க்குக் கிடையாத இடம் முப்பது பேர்க்குச் சேர்ந்து கிடைத்தலும் உண்டு.

ஐந்தாவது, பயண நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடல் வேண்டும். மணி குறித்த சீட்டுடையார் அம்மணிக்கு வாயிலில் நிற்றல் கடமை. ஆவடியிலும் அம்பத்தூரிலும் இருந்து புறநகர் மின்தொடரில் சென்னை சென்ட்ரலை அடைந்து, ஆங்கிருந்து மெட்ரோ இரயிலில் அடுத்த நிலையமாகிய எழும்பூரில் இறங்கலாம். பூவிருந்தவல்லியார் பேருந்தில் கோயம்பேடு அடைந்து, ஆங்கிருந்து மெட்ரோவில் எழும்பூர் சேரலாம். ஒரு வண்டி தவறினும் மறு வண்டியில் உரிய நேரத்தில் சேரும்படி புறப்படுவதே அறிவுடைமை. எழும்பூர் அரசினர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பெறும் என்பதையும் நினைவிற்கொள்க.

இவ்வளவு செய்தும் சீட்டுக் கிடையாதார் என்செய்வது? அவர்க்கும் அவர்தம் ஊர்க்கும் நெருங்கிய உறவுடைய ஒரு செய்தியை இனிக் கூறுவோம்.

ஆவடி நிலையத்தில் மேற்கு நோக்கிச் செல்லும் அரக்கோணம் வண்டியில் ஏறினால், திருவள்ளூரைக் கடந்ததன்பின் திருவாலங்காடு என்னும் நிலையம் வரும். இவ்விருப்புப்பாதை, தென்னிந்தியாவில் முதன்முதல் 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பெற்ற பாதையின் ஒரு பகுதி. காரைக்கால் அம்மையார் இறைவன் திருவடிக்கீழ் அமர்ந்த தலமென்று போற்றப்படுவது அவ்வூர். அவ்வூரிற் கிடைத்த நடராசர் செப்புத்திருமேனி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. சோழர் காலத்துச் சிற்பியர் தேன்மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வடிந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்தனர். வார்த்தபின் மண்கருவை உடைத்தே உருவை எடுத்தலின், ஒரு கருவினின்று ஒரு திருமேனியே தோன்றும். அதற்கு நேர் இணை பிறிதொன்றில்லை. இத்திருமேனிக்கு இன்று திருவாசி இல்லை. தீச்சுடர் வட்டம் இல்லாமையால், வீசிய கையும் தூக்கிய தாளும் வெளியில் தனித்து நின்று, ஆடலின் விசையை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன.

பிரான்சு நாட்டுச் சிற்பி ஆகஸ்டு ரோடென் என்பார் தம் நாட்டிலிருந்தபடியே சென்னைச் சாலையிலுள்ள நடராசர் வடிவத்தின் புகைப்படங்களைக் கண்டு வியந்து, அதன் ஒவ்வோர் உறுப்பையும் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். 1917-இல் அவர் காலமான பின்னர், 1921-இல் அது பாரிஸ் நகரில் நூல்வடிவில் வெளிவந்தது. அவர் இந்நாட்டிற்கு வந்தவரல்லர். திருமேனியை நேரிற் கண்டவருமல்லர். அக்காலத்து உலகின் தலைசிறந்த சிற்பியர்க்கும் நிழற்படமாகவே கிடைத்த காட்சி, ஆவடி மாணவர்க்குப் புறநகர் வண்டிச் சீட்டும் ஒரு பிற்பகலும் செலவிட்டாற் கிடைக்கின்றது. 2006-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் அகாடமியில் சோழர் செப்புத்திருமேனிகளுக்கென்றே ஒரு கண்காட்சி தொடங்கிற்று. அதனைக் காண அந்நகரத்தார் கட்டணம் செலுத்திச் சென்றனர். அத்தகைய திருமேனிகள் நம் நகரில் ஆண்டு முழுவதும் அமைதியாக நிற்கின்றன.

அஃதொன்று மட்டுமன்று. அதே திருவாலங்காட்டில் 1905-இல் கண்டெடுத்த முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகள் 31-உம் ஆங்கு உள்ளன. கிருஷ்ணையாற்றங்கரையிலுள்ள அமராவதித் தூபியின் பளிங்குச் சிற்பங்கள் உள்ளன. அத்தூபியின் மற்றொரு பகுதி இலண்டனில் இருத்தலின், முழுமையைக் காண விரும்புவோர் இரு நகரங்களுக்கும் செல்லவேண்டியவராவர். 1863-ஆம் ஆண்டு மே திங்களில் பல்லாவரத்தில் பழைய கற்கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட் என்பார் சேர்த்த தொகுதியும் ஆங்கே உண்டு. அவர் அவ்வாண்டிலேயே கண்ட மற்றோரிடம் நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம். அவ்விடத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டன என்று 2011-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நகரின் ஓரத்தவர் என்று நம்மை நாமே தாழ்த்திக்கொள்ளும் நாம், அந்நகரின் கலைக்கூடத்திற்குச் சிறந்த பொருள்களை வழங்கிய நாட்டார் என்பதை மறத்தல் தகாது.

ஆகவே, புகழ்பெற்ற கண்காட்சிக்குச் சீட்டுத் தேடுதல் வேண்டா என்று நாம் கூறவில்லை. தேடுக, முறையறிந்து தேடுக. ஆயின், தேடுதற்கு முன்னர் நிலையான காட்சியிற் கண்ணைப் பயிற்றுக. ஒரு திருமேனியின் முன் அரை மணி நேரம் நிற்கப் பழகாதவர்க்கு, அரிதிற் பெற்ற சீட்டும் கூட்டத்தோடு கூட்டமாய் நடந்து வெளிவருதற்கே பயன்படும். பழகியவர்க்கோ ஒரு மணி நேரம் ஓர் ஆண்டுக் கல்வியாகும்.

இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அலுவலகங்களில் கணினியும் வங்கி அட்டையும் கையிற் கொண்டிருக்கும் பழைய மாணவர், தமக்கு ஒரு சீட்டுப் பதிவு செய்யும்போது, விற்பனை நேரத்தில் வகுப்பிலோ தொழிற்சாலையிலோ இருக்கும் ஒரு மாணவர்க்கும் ஒன்று பதிவு செய்வாராக. ஆசிரியர், ஆண்டிற்கு ஒருமுறையேனும் கல்லூரிக் கடிதத்தோடு ஒரு குழுவினை அழைத்துச் செல்வாராக. மாணவர், தாம் கண்டதைத் தம் வீட்டாரில் இதுவரை காணாத ஒருவர்க்கு மறுமுறை சென்று காட்டுவாராக. முன்னாளிற் சீட்டின்றித் திறந்திருந்த ‘செத்த காலேஜ்’ வாயிலிற் பொங்கலுக்கு வந்து நின்ற மக்களின் பேரர் நாம். அவ்வாயிலில் நமக்குரிய பங்கினை அறிந்து பெறுதலும், பெற்றதனைப் பிறர்க்குப் பகிர்தலும் நம் கடமையாம்.